குட்டிக்குளத்து நாற்காலி

கிண்டிப் பக்கம் ஏதோ ஒரு கிளப்பில், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று நீச்சல்குளத்தில் போய்விட்டதாம். ஹம்சாவுக்கு அதைச் சொன்னது அவளுடைய மன்னி. மன்னிக்குச் சொன்னது தி. நகரில் பாட்டு கிளாஸுக்கு வருகிற ஒரு மாமி. மாமிக்கு யார் சொன்னார்கள் என்பதை ஹம்சா கேட்டுக்கொள்ளவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் யார் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

"முழங்கால் தண்ணி கூட இல்லையாம், கேட்டேளா?" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஸ்வத்தின் அம்மாவிடம் சொன்னாள். "மஞ்ச ஜட்டி போட்டுண்டு, வாத்து டியூப்பை மாட்டிண்டு, சமத்தா விளையாடிண்டிருந்ததாம். பாத்துக்கற ஆயா பஜ்ஜி வாங்கப் போயிட்டாளாம். வந்து பாத்தா வாத்து மட்டும் மிதக்கறது."

"என்னக்கா சொல்றீய!" அஸ்வத்தின் அம்மா கையிலிருந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராஜரத்தினத்தின் மருமகள் அவள். "அந்தச் சிறுக்கிய சும்மாவா விட்டாங்க?"

"எங்கே விடறது? ஓடியே போயிட்டாளாம்."

மூன்றடி தள்ளி, குளத்து விளிம்பில் குந்தி உட்கார்ந்து ஈர ஜட்டி ஒன்றைப் பிழிந்துகொண்டிருந்த பங்கஜத்துக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மஞ்சள் ஜட்டி அவளுடையது. வாத்து டியூப்பும் அவளுடையது. பஜ்ஜி கூட அவள் போட்டதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே விளிம்பில் உட்கார்ந்து, வேறு இரண்டு அம்மாக்களுக்காக அவள் கட்டிவிட்ட கதை இது. ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. வழியில் ஒன்றே ஒன்று மட்டும் மாறியிருந்தது. அவள் சொன்ன கதையில் பஜ்ஜி வாங்கப் போனது ஆயா இல்லை. பெற்ற தாய்.

தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கோடை அது. ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்த அந்த கிளப்பில் பங்கஜம் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் தேனாம்பேட்டையில் கார்ப்பரேஷன் பால்வாடியில் ஆயா. முப்பது பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, மூக்குத் துடைத்து, வரிசையாகப் படுக்க வைத்துத் தூங்கப் பண்ணியவள். புருஷன் லாரியோடு ஆந்திராப் பக்கம் போனவன், லாரி மட்டும் திரும்பி வந்தது. ஒரே பெண், சந்திரிகா. அவளைப் பத்தாவது வரைக்கும் படிக்க வைத்தாள்.

கிளப்பில் பெரிய குளம் ஒன்று, அதன் பக்கத்தில் வேலி போட்ட சின்னக் குளம் ஒன்று. மெம்பர்களுக்கு அது பேபி பூல். பங்கஜத்துக்குக் குட்டிக்குளம். நீலக் கல் பதித்த இரண்டடித் தண்ணீர். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் அங்கே இறங்குவார்கள். காலையில் பாசி தேய்ப்பதும், சாயந்திரம் பிள்ளைகளுக்குத் துவட்டிவிடுவதும் பங்கஜத்தின் வேலை. பார்த்துக்கொள்ள வேண்டியது பெற்றவர்கள். அப்படித்தான் ஆரம்பத்தில் இருந்தது.

ஆனால் பெற்றவர்கள் எங்கே பார்த்தார்கள்? அந்த ஏப்ரலில் ஒரு நாள் ஹம்சா குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய பையன் அனிருத், இரண்டரை வயது, இடுப்பில் காற்றடைத்த டியூப்போடு ஏதோ பொம்மையை எடுக்கக் குனிந்தான். டியூப் புரண்டது. கால் இரண்டும் மேலே, தலை தண்ணீருக்குள். டியூப் அவனை நிமிர விடவில்லை. ஒரு சத்தம் இல்லை. தண்ணீர் கூடத் தெறிக்கவில்லை. அந்தக் கோடியில் இருந்த பங்கஜம் சேலையோடு இறங்கி நாலே எட்டில் போய்ப் பையனைத் தூக்கினாள். அவன் இருமி, கக்கி, அப்புறம்தான் வீல் என்று கத்தினான். கத்தலைக் கேட்டுத்தான் ஹம்சா திரும்பினாள்.

"ஏன் அழறான்? நீ ஏதாவது பயமுறுத்தினியா பங்கஜம்?"

"டியூப்பு கவுந்துச்சுமா. தலைகீழா கெடந்தான்."

"டியூப்தான் போட்டிருக்கானே! ரெண்டடித் தண்ணிதானே! இதுக்குப் போயி சேலையெல்லாம் நனைச்சுண்டு..."

தண்ணீரில் மூழ்குகிற குழந்தை கத்தாது என்பதைப் பங்கஜம் அதற்கப்புறம் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தாள். கத்துவதற்கு மூச்சு வேண்டுமே, வாய் வெளியே இருக்க வேண்டுமே. கை எட்டுகிற தூரத்தில் உட்காருங்கள், டியூப்பை நம்பாதீர்கள் என்றாள். தலையை ஆட்டிவிட்டு அவரவர் பேச்சைத் தொடர்ந்தார்கள். ஆயா சொல்கிற புத்தியை யாரும் கேட்பதில்லை. ஆயா சொல்கிற கதையைக் கேட்பார்கள். இது பங்கஜத்துக்குப் பால்வாடியிலேயே தெரியும். அதனால்தான் ஒரு நாள், "உங்களுக்கு விஷயம் தெரியுமாமா? கிண்டியாண்ட இன்னா ஆச்சுன்னு?" என்று ஆரம்பித்தாள்.

பத்து நாள் அது நன்றாகவே வேலை செய்தது. அம்மாக்கள் சல்வாரை மடித்துவிட்டுக்கொண்டு, காலைத் தண்ணீருக்குள் விட்டு விளிம்பிலேயே உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கை பிள்ளையின் தோள்மேல் இருந்தது. கிளப்புக்கு வந்த ஆறு வருஷத்தில் அந்தப் பத்து நாள்தான் பங்கஜம் டீயைச் சூடாகக் குடித்தாள்.

இப்போது கதை திரும்பி வந்துவிட்டது, பழியை அவள் தலையில் ஏற்றிக்கொண்டு.

அடுத்த வாரமே கமிட்டி கூடியது. செக்ரட்டரி ராஜகோபாலன், பாங்கில் மேனேஜராக இருந்து ரிடையரானவர், எதையும் எழுத்தில் போட்டால்தான் நடக்கும் என்று நம்புகிறவர். போர்டு ஒன்று வந்தது: 'குழந்தைகள் நீச்சல்குளத்தில் குழந்தைகளின் பாதுகாப்புக்கு ஆயா பொறுப்பு. - நிர்வாகம்.' வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. அதை நிழலுக்கு நகர்த்திவிடக் கூடாது என்று வேலிக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்கள். ஒரு நோட்டும் வந்தது. மூன்று மணியிலிருந்து ஆறரை வரை பங்கஜம் அந்த நாற்காலியை விட்டு விலகக் கூடாது. விலக வேண்டுமானால் பெரிய குளத்து நீச்சல் மாஸ்டர் ஷாஹுல் ஹமீது வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கே உட்கார வேண்டும். வேறு யாரும் கூடாது.

போர்டு மாட்டிய அன்றைக்கே அம்மாக்கள் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதுதான் பொறுப்புக்கு ஆள் வந்தாகிவிட்டதே. கொஞ்சம் பேர் சீட்டாட்ட அறைக்கு, கொஞ்சம் பேர் மரத்தடி கேண்டீனுக்கு. ஒருத்தி டிரைவரிடமே பிள்ளையைக் கொடுத்தனுப்பினாள். டிரைவர் வேலிக்கு மேலாகக் குழந்தையை நீட்டிவிட்டு, "புடிச்சிக்கோம்மா, நான் பாண்டி பஜார் போயிட்டு வந்துடறேன்" என்று போய்விட்டான். நாலு பிள்ளைகள் வந்த இடத்தில் ஏழு, எட்டு என்று ஆனது.

பங்கஜம் மத்தியானத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டாள். மூன்றரை மணி நேரம் எழுந்து போக முடியாதே. மேற்கு வெயில் நேராக முகத்தில் அடித்தது. கண்ணை மூடக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் மூடிய கண்ணுக்குள்ளும் நீலக் கல்தான் ஆடியது.

சந்திரிகாவின் கடிதம் வந்தது இந்தச் சமயத்தில்தான்.

சந்திரிகா குவைத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கப் போய் இரண்டு வருஷம் முடியப் போகிறது. மூன்று பிள்ளைகள், கடைசிக்கு ஒன்றரை வயது. பங்கஜம் எழுத்துக் கூட்டிக் கூட்டி இரண்டு தரம் படித்தாள்.

'அம்மா, எனக்கு அக்ரிமெண்டு முடியுது. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து போடச் சொல்றாங்க. சனிக்கிழமை போடணுமாம். வாசக் கதவு சாவி அவங்க கையிலதான் கீது. நான் ரோட்டப் பாத்து நாலு மாசம் ஆவுது. அத்த உனுக்கு எழுதக் கூடாதுன்னு இருந்தேன். வூட்டுக் கூரைக்கு இன்னும் பணம் வேணும்னு நீதான் எழுதியிருந்த, அதனால நீ சொல்றதுதான். மே பதினேழு வெள்ளிக்கிழம, நம்மூர் டைம் நாலரைக்கு, அவங்க சாப்ட்டுத் தூங்குவாங்க, அப்ப போன் பண்ணிக்கச் சொல்லிட்டாங்க. நீயே எடு. வான்னு சொன்னா வந்துடறேன். நீ எடுக்கலன்னா, இருன்னு சொல்றேன்னு நெனச்சிக்கிறேன்.'

சொந்தமாகப் போன் இல்லாதவர்கள் அடுத்தவர் நம்பரை பி.பி. என்று போட்டு எழுதிக்கொடுக்கிற காலம் அது. ஷாஹுல் ஹமீதின் அறையில் இருந்த கறுப்புப் போனின் நம்பரைத்தான் பங்கஜம் மகளுக்கு எழுதியிருந்தாள். குவைத் வீட்டு நம்பரை அவர்கள் சந்திரிகாவிடம் கூடச் சொன்னதில்லை, பங்கஜம் இங்கிருந்து கூப்பிட வழியில்லை. கடிதம் போட்டால் போய்ச் சேரப் பதினைந்து நாள். பதினேழாம் தேதிக்கு மூன்று நாள்தான் பாக்கி.

கூரை ஒழுகினால் ஒழுகட்டும். பங்கஜம் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். ஒரே ஒரு சொல்தான் சொல்ல வேண்டும். வா.

வியாழக்கிழமை காலை செக்ரட்டரி அறைக்குப் போனாள்.

"நாளிக்கு நாலரை மணிக்கு ஒரு அரை அவுரு வேணும் சார். பொண்ணு குவைத்துலேர்ந்து பேசுது."

ராஜகோபாலன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பங்கஜம், நாலரைதான் பீக் அவர். நாளைக்கு சம்மர் கேம்ப் வேற. மாஸ்டர் ஃப்ரீயா இருந்தா கையெழுத்துப் போடச் சொல்லிட்டுப் போ. இல்லேன்னா கஷ்டம். ரூல்னு ஒண்ணு போட்டாச்சோன்னோ?"

"அந்த ரூலே வேணாம் சார். பெத்தவங்க யாரும் கொளத்தாண்டயே வர்றதில்ல. முந்தி இருந்தாப்பலயே வுட்டுடுங்க."

"முந்தி இருந்தாப்பலயா? கிண்டியிலே என்ன நடந்ததுன்னு தெரியுமோல்லியோ?"

சொன்னால் வேலை போகும். போகட்டும், நாளைக்கு நாலரைக்குப் பிறகு போகட்டும் என்று நினைத்தாள்.

"அது நடக்கவே இல்ல சார். நான்தான் சொன்னேன். அம்மாங்கல்லாம் கொஞ்சம் பயந்து பக்கத்துல குந்துவாங்கன்னு, நானா கட்டுன கதை அது."

ராஜகோபாலன் முதலில் முழித்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நீ கட்டினியா? நன்னாருக்கு! அந்தக் குழந்தையோட பெரியப்பா எங்க பாங்க்ல என் கீழ வேலை பாத்தவன் பங்கஜம். நேத்திக்குக் கூடப் பேசினேன், பாவம், உடைஞ்சு போயிட்டான்."

"சார், அப்படி ஒரு கொழந்தையே கிடையாது சார்."

"லீவு வேணும்னா லீவு கேளு. அதுக்காகச் செத்துப்போன குழந்தையை இல்லேன்னு சொல்லாதே. பாபம்." அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். "போய் வேலையைப் பாரு."

அவர் பொய் சொல்லவில்லை என்பது பங்கஜத்துக்குத் தெரிந்தது. அவர் நிஜமாகவே யாரிடமோ பேசியிருக்கிறார். யாரோ நிஜமாகவே அழுதிருக்கிறார்கள். எந்தக் குழந்தைக்காகவோ. இனிமேல் அவள் எந்தக் கோயிலில் சூடம் அணைத்துச் சொன்னாலும் அந்தக் கதையைத் திரும்ப வாங்க முடியாது.

ஷாஹுல் ஹமீது நல்ல பையன். "அக்கா, நீ ஏன் கவலப்படற?" என்றான். "நாலு இருபதுக்கு நான் டான்னு வந்து உன் நாக்காலில குந்திக்கிறேன். நீ போயி ரூம்ல போன் பக்கத்துல குந்திக்க. இன்னா, சரிதான?"

"ஒருவேள நீ வர முடியலன்னா, நீயாவது போன எடுத்து, 'அம்மா வரச் சொல்லிச்சு'ன்னு ஒரு வார்த்த சொல்லிடு நைனா."

"அதெல்லாம் நீயே சொல்லுவ. போக்கா."

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் குட்டிக்குளத்தில் ஏழு பிள்ளைகள். வேலிக்கு அந்தப் பக்கம், இருபது எட்டு தூரத்தில் ஷாஹுல் ஹமீதின் அறை. ஜன்னல் திறந்திருந்தது. மேஜைமேல் போன் இருப்பது நாற்காலியிலிருந்தே தெரிந்தது. பங்கஜம் பிள்ளைகளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி பிள்ளைகளைப் பார்த்தாள்.

நாலு இருபதுக்கு ஷாஹுல் ஹமீது வரவில்லை. பெரிய குளத்தின் ஆழப் பக்கத்தில் அவன் தலையும் இன்னொரு தலையும் ஒட்டிக்கொண்டு தெரிந்தன. கமிட்டி மெம்பர் ஒருவரின் மச்சினர், ஐம்பது வயது, நல்ல பருமன், நீச்சல் பழக வந்து நாலாவது நாள். எப்படியோ கம்பியைப் பிடித்துக்கொண்டே ஆழத்துக்குப் போய்விட்டார். கம்பி முடிகிற இடத்தில் பயம் வந்து, மாஸ்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"விட்டுடாதீங்க மாஸ்டர்! விட்டுடாதீங்க!"

"விடல சார். நீங்க என் கழுத்த விடுங்க சார், மூச்சு முட்டுது!"

"முடியாது! முடியாது!"

ஷாஹுல் ஹமீது ஒரு கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பங்கஜத்தைப் பார்த்து, ஒரு நிமிஷம், என்று விரல் காட்டினான். அந்தக் கையையும் மச்சினர் பிடித்து இழுத்துக்கொண்டார்.

நாலு முப்பத்திரண்டுக்குப் போன் அடித்தது.

பங்கஜம் எழுந்து நின்றாள். "அனிருத்தம்மா!" என்று கேண்டீன் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "அனிருத்தம்மா! ரெண்டே நிமிசம் வாங்கமா!"

மரத்தடி மேஜையிலிருந்து ஹம்சா திரும்பினாள். "என்ன பங்கஜம், டவலா? பைக்குள்ள இருக்கு பாரு!"

"டவலு இல்லமா, போனு!"

"எனக்கா?"

"எனுக்குமா!"

மேஜையைச் சுற்றி ஒரு சிரிப்பு எழுந்தது. "பங்கஜத்துக்குப் போனாம்டீ!" என்றாள் யாரோ. "யாரு, கவர்னரா?" என்றாள் இன்னொருத்தி. அஸ்வத்தின் அம்மா பாதி எழுந்து, "நான் வேணா போயி இருக்கட்டாக்கா?" என்று கேட்டாள். ஹம்சா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அவதான் இருக்காளே. உங்க தோசை ஆறிடப் போறது." அப்புறம் இந்தப் பக்கம் திரும்பி, "இதோ சாப்ட்டுட்டு வந்துடறேன் பங்கஜம்!" என்றாள்.

போன் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து. ஆறு.

பிள்ளைகளை வெளியே எடுத்துவிட்டால்? பங்கஜம் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். டிரைவர் விட்டுப் போன பெண் குழந்தையைத் தூக்கி விளிம்பில் உட்கார வைத்தாள். "இங்கியே குந்து கண்ணு. நவுராத." அஸ்வத்தைத் தூக்கி அவள் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவதைத் தூக்கித் திரும்புவதற்குள் பெண் குழந்தை குப்புறத் திரும்பி, காலை நீட்டி, வழுக்கித் தண்ணீருக்குள் வந்துவிட்டது. இது நல்ல விளையாட்டாக இருக்கிறதே என்று அஸ்வத்தும் சிரித்துக்கொண்டே குதித்தான். "என்னி, என்னி தூக்கு!" என்று நாலு ஜோடிக் கை அவளைப் பார்த்து நீண்டது.

போன் நின்றது.

பங்கஜம் தண்ணீருக்குள் நின்றபடியே ஜன்னலைப் பார்த்தாள். இரண்டு மணி அங்கே. எல்லாரும் தூங்குகிற வீட்டில், சுவரோரமாக ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள்.

மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

"ஷாஹுலு! டேய் ஷாஹுலு! போனுடா!"

"விட்டுடாதீங்க மாஸ்டர்!" என்ற குரல்தான் பெரிய குளத்திலிருந்து வந்தது.

இருபது எட்டு. ஓடினால் பத்து எட்டு. எடுத்து, வா என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். ஏழு பிள்ளைகள் அந்த நேரத்துக்கு நிற்க மாட்டார்களா? நின்றாலும் நிற்பார்கள். அவள் அஸ்வத்தை ஒரு இடுப்பிலும் பெண் குழந்தையை இன்னொரு இடுப்பிலும் தூக்கிக்கொண்டு படியைப் பார்த்து நடந்தாள். இரண்டு பேர் குறைந்தால் ஐந்து பேர்தான். ஒரு காலைப் படியில் வைத்தாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதி தாங்காமல் திரும்பினாள். அனிருத் டியூப்புக்குள் நின்றபடி, தண்ணீருக்கு அடியில் கிடந்த எதையோ எட்டிப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தான். பங்கஜம் இரண்டு பிள்ளைகளோடும் படியிலிருந்து இறங்கித் தண்ணீரைக் காலால் தள்ளிக்கொண்டு போனாள். கை இரண்டிலும் பிள்ளைகள். முழங்காலால் அவன் டியூப்பை அணைத்து நிறுத்தினாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்து, தண்ணீருக்கு அடியில் விரலைக் காட்டினான்.

"மீனு," என்றான்.

"ஆமா நைனா," என்றாள் பங்கஜம். ஜன்னலுக்குள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது.